வேலாமணியின் தேமல்

தேமல் வந்து யாரும் செத்ததில்லை. மழைக்காலத்தில் கழுத்திலும் தோளிலும் வெளுத்துப் பூக்கும், வெயில் கண்டால் மங்கும், அடுத்த மழைக்கு மறுபடி எட்டிப் பார்க்கும். குன்னூர் கடைத்தெருவில் என் அத்தா அபுபக்கர் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்தார். தேமலுக்கு மருந்து கேட்டு வருகிறவர்கள் வெட்கப்படுவார்கள், கல்யாணம் நெருங்கினால் அவசரப்படுவார்கள். பயந்து நான் பார்த்ததில்லை. வேலாமணியிடமிருந்து மட்டும் அந்தப் பாழாய்ப்போன தேமல் வீட்டையும் புருஷனையும் பெற்ற பிள்ளையையும் பிடுங்கிக்கொண்டது.

தேமலைக் குறை சொல்வானேன்? பிடுங்கியவர்கள் மனுஷர்கள். அவர்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

அவிநாசிப் பக்கத்துக்காரி அவள். வெள்ளைக்காரன் காலம், இரண்டாவது உலகச் சண்டை தொடங்குவதற்குச் சில வருஷம் முன்பு. ஊரில் மழை பொய்த்துக் கிணறு வற்றிக் கிடந்தபோது கங்காணி சுப்பண்ணன் ஆள் பிடிக்க வந்தார். மலையில் வருஷம் பூராவும் வேலை, இருக்க வீடு, காய்ச்சல் வந்தால் மருந்து என்று அடுக்கினார். கட்டிய புருஷன் லிங்கசாமியோடு வயிற்றில் பிள்ளையைச் சுமந்துகொண்டு மலையேறினாள் வேலாமணி. குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவில் ஓர் எஸ்டேட். பேர் வேண்டாம். எந்த எஸ்டேட்டின் பேரைப் போட்டாலும் கதை ஏறக்குறைய இதுவாகத்தான் இருக்கும்.

கூலிக்காரர்களை வரிசையாகக் குடிவைத்த லைன் வீட்டில் ஓர் அறை. அங்கேதான் மகள் பழனாத்தாள் பிறந்தாள். சித்திரை வெயிலிலும் குளிர் அடிக்கும் அந்த அறையில் குழந்தையை மார்போடு சேர்த்துக் கம்பளிக்குள் சுற்றிக்கொண்டு தூங்குவாளாம். மகளோடு இருந்த ஆறு வருஷத்தைப் பற்றி என்னிடம் சொல்லும்போதெல்லாம் அவள் முகம் மாறிவிடும். நான் கேட்காமலேயே சொல்லுவாள். மகள் முதல் முதலாக நடந்தது, தேயிலைப் பூவைத் தின்று வாந்தி எடுத்தது, எல்லாம் சொல்லுவாள்.

தேயிலை கிள்ளுகிறவர்களின் தோலைப் பற்றி மருந்துக் கடைக்காரன் மகளான எனக்குக் கொஞ்சம் தெரியும். விரல் நுனியில் கறை ஏறி வெடிக்கும். காலில் அட்டை கடித்த இடம் சொறிந்து சொறிந்து புண்ணாகும். செடிக்குள் இருக்கும் கம்பளிப்பூச்சி பட்டால் கையெல்லாம் தடிக்கும், ஓரத்துக் காஞ்சொறி உரசினால் இரண்டு நாள் எரியும். எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கம்பளி. மழையில் அதைத் தலையோடு போர்த்திக்கொண்டு நாள் முழுக்க நிற்கிறார்கள். இரவு அடுப்புப் புகையில் தொங்கவிடுகிறார்கள், அது காய்ந்தும் காயாமலும் காலையில் மறுபடி தோளுக்கு வருகிறது. தோல் என்ன செய்யும், பாவம்? எஸ்டேட்டில் சொறி சிரங்கு இல்லாமல் இருந்தது துரை வீட்டு நாய் ஒன்றுதான். அதற்குத் தனி சோப்பு உண்டு.

பழனாத்தாளுக்கு ஆறு வயதாகும்போது ஒரு மழைக்காலத்தில் வேலாமணியின் இடது தோளில் வெளிறிய திட்டு வந்தது. அரிப்புகூட இல்லை. விட்டிருந்தால் தன்பாட்டுக்கு இருந்திருக்கும். பக்கத்து அறைத் தபித்தாள் எலுமிச்சம்பழத்தை உப்பில் தொட்டுத் தேய்க்கச் சொன்னாள். தேய்த்தாள். போகவில்லை என்று தேங்காய் நார் வைத்துத் தேய்த்தாள். அதற்கும் போகவில்லை என்று ஓட்டுச்சில்லை எடுத்தாள். வெளுத்த திட்டைச் சுற்றிச் சிவந்து தோல் உரிந்துபோயிற்று. தேமலைத் தேய்க்கக் கூடாது என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. கடைத்தெருவுக்கு வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமையும் கொழுந்து இருந்தால் கிள்ள வேண்டும் என்று அந்த வருஷம் உத்தரவு.

அந்த நேரம் பார்த்து மேலிடத்திலிருந்து எஸ்டேட்டுக்கு இன்னோர் உத்தரவு வந்தது. தொழுநோய் இருக்கிறவர்களைக் கண்டுபிடித்து லைனிலிருந்து விலக்க வேண்டுமாம். உடம்பில் வெளுத்த திட்டு இருக்கிறவர்களைப் பெரட்டுக்களத்தில், அதாவது காலையில் ஆள்களை நிறுத்திப் பேர் கூப்பிடும் மைதானத்தில், வரிசையாக நிறுத்தி கம்பவுண்டர் பாலன் ஊசியால் குத்திப் பார்ப்பார் என்று சொன்னார்கள். எதற்குக் குத்துகிறார்கள், என்ன செய்தால் என்ன அர்த்தம் என்று சொல்லவில்லை. சொன்னால் கூலிக்காரர்கள் நடித்து ஏமாற்றிவிடுவார்களாம்.

சொல்லாத இடத்தை லைன் தானே நிரப்பிக்கொண்டது. போன வருஷம் அம்மை குத்தும்போது அலறிக் கையை இழுத்தவர்களுக்கு அன்றைக்குப் பேர் போடவில்லை. அன்றைய கூலியும் போயிற்று, கங்காணியிடம் அடியும் கிடைத்தது. அதனால் ஊசி என்றால் அசையாமல் நிற்க வேண்டும் என்பது லைனில் எல்லோருக்கும் தெரிந்த பாடம்.

"அசைஞ்சீன்னா நோயின்னு எழுதிருவாங்க, வேலாமணி. பல்லக் கடிச்சுட்டு நில்லு. திடமா இருக்கறவளுக்கு ஊசி ஒரு பொருட்டான்னு காட்டு" என்றாள் தபித்தாள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். அவளுக்கும் தெரிந்தது அவ்வளவுதான்.

மறுநாள் காலை மூன்று பேரை நிறுத்தினார்கள். துரை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். துரையின் மூக்கிலும் கழுத்திலும் வருஷம் முழுக்கச் சிவந்த தடிப்பு உண்டு. அதற்கு யாரும் ஊசி எடுத்ததில்லை. முதலில் மூக்கன் என்ற கிழவர். குத்தியதும், "அட எழவெடுத்தவனே!" என்று பெரட்டுக்களம் அதிரக் கத்தினார். சாகப்போகிற வயது, யாருக்குப் பயப்பட வேண்டும்? அடுத்து ஒரு பையன், ஊசியைப் பார்த்ததுமே அழுதான். இரண்டு பேரையும் தள்ளி நிற்கச் சொன்னார் பாலன்.

வேலாமணியின் முறை வந்தது. தோளில் ஊசி இறங்கியது. அவள் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"வலிக்குதா?" என்றார் பாலன்.

அவள் துரையைப் பார்த்தாள். துரை முன்னால் குறை சொல்வது எஸ்டேட்டில் வழக்கமில்லை. அரிசி புழுத்திருக்கிறதா என்றால் இல்லீங்க. கங்காணி அடித்தாரா என்றால் இல்லீங்க. அந்த வாய்க்கு வேறு பதில் பழக்கமில்லை.

"இல்லீங்க" என்றாள்.

பாலன் இன்னும் ஆழமாகக் குத்தினார். ரத்தம் துளிர்த்தது. "இப்போ?"

"இல்லீங்க சாமி. ஒண்ணுமே இல்லீங்க."

கத்திய கிழவரையும் அழுத பையனையும் நினைத்து அவளுக்குப் பாவமாக இருந்ததாம். அவர்களை அனுப்பிவிடுவார்கள், தான் தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டாளாம். இதைச் சொல்லும்போது அவள் சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வந்ததே இல்லை.

தொழுநோய்த் திட்டில் குத்தினால் வலிக்காது, அதற்குத்தான் அந்த ஊசி. உணர்ச்சி இல்லை, தொழுநோய் என்று பாலன் துரையிடம் சொன்னார். பொழுது சாய்வதற்குள் லைனைக் காலி செய்ய வேண்டும், புருஷனும் கூடப் போவதாக இருந்தால் அறையையும் வேலையையும் விட்டுவிட வேண்டும் என்று சுப்பண்ணன் வந்து சொன்னபோதுதான் அவளுக்கு விளங்கியது. ஓடிப்போய் பாலனின் காலில் விழுந்தாள்.

"வலிச்சுதுங்க! சத்தியமா வலிச்சுதுங்க! பயத்துல சொல்லலீங்க! இன்னொருக்காக் குத்திப் பாருங்க!"

"வேலை போகுதுன்னதும் இப்ப வலிக்குதாக்கும்?" என்றார் பாலன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர்களும் அவளோடு ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள்தான்.

லிங்கசாமி போகவில்லை. மூன்று பேரும் பட்டினி கிடப்பதைவிட ஒருத்தி போவது மேல் என்று அவன் கணக்குப் போட்டான். தப்பான கணக்கு என்று சொல்ல எனக்கு நாக்கு துடிக்கிறது, ஆனால் பசித்த வயிற்றோடு நான் அதைப் போட்டுப் பார்த்ததில்லை. பழனாத்தாளைத் தொடக்கூட விடவில்லை. வேலாமணியின் பாத்திரங்களையும் துணிகளையும் வாசலில் போட்டுக் கொளுத்தினார்கள். அந்த நெருப்பைத்தான் பிள்ளை பார்த்தது.

சமவெளியில் பாதிரிமார் நடத்திய தொழுநோய் ஆஸ்பத்திரிக்கு அவளை அனுப்பினார்கள். புதிதாக வந்தவர்களைப் பார்க்கிற டாக்டரம்மா லீவில் சீமைக்குப் போயிருந்தார். அவர் திரும்பி வரும்வரை பல மாதம் வேலாமணி விரல் மழுங்கியவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாள், அவர்களுக்குச் சோறு வடித்தாள், அவர்கள் புண்ணுக்குத் துணி கிழித்துக் கொடுத்தாள். அங்கே மட்டும்தான் தன்னை யாரும் விலக்கவில்லை என்பாள்.

டாக்டரம்மா வந்ததும் அவள் கண்ணை மூடச் சொல்லிக் கோழி இறகால் தோளில் வருடினார். எங்கே படுகிறதோ அங்கே விரல் வைக்கச் சொன்னார். ஓர் இடம் தப்பாமல் வைத்தாள். திட்டைச் சுரண்டிப் பார்த்த டாக்டரம்மா, இது வெறும் தேமல், உனக்கு ஒன்றும் இல்லை என்றார். பிறகு கேட்டார், அங்கே ஏன் வலிக்கவில்லை என்று சொன்னாய்?

"தொரை முன்னால எப்படீங்க வலிக்குதுன்னு சொல்றது?" என்றாள் வேலாமணி.

டாக்டரம்மா கந்தகக் களிம்பு கொடுத்தார். அந்த வெயில் காலத்திலேயே திட்டு மறைந்தது. நோய் இல்லை என்று கையெழுத்துப் போட்டும் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு மலை ரயிலில் திரும்பி வந்தாள். மகளைப் போய்த் தூக்கிக்கொள்ளலாம் என்ற ஒரே நினைப்போடு வந்தாள்.

எஸ்டேட்டில் பாலன் அந்தச் சீட்டைப் படித்துவிட்டு, "துரை ஒருக்கா முடிவு பண்ணினா பண்ணினதுதான்" என்று திருப்பிக் கொடுத்தார். தன் தப்பு துரைக்குத் தெரியக் கூடாது, அவ்வளவுதான் விஷயம். லைன் வீட்டில் அவள் அறை வாசலில் வேறொருத்தி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். லிங்கசாமி வெளியே வந்து தள்ளி நின்றான்.

"நான் என்ன பண்ணட்டும் வேலாமணி? நீ இங்க இருந்தா தண்ணி புடிக்க உடமாட்டாங்க. புள்ளையையும் ஒதுக்கி வெச்சுருவாங்க. குன்னூர்ல எங்காச்சும் இருந்துக்க" என்றான். கதவுக்குப் பின்னால் பழனாத்தாள் நின்றாள். அம்மா தொட்டால் உனக்கும் வந்துவிடும் என்று சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தார்கள். அவள் வெளியே வரவில்லை.

அப்படித்தான் வேலாமணி எங்கள் கொல்லைக்கு வந்து சேர்ந்தாள். கடுக்காய் உடைக்க, வேர்களை வெயிலில் காயவைக்க ஆள் தேவைப்பட்டது. அத்தா அவள் சொன்னதைக் கேட்டதும், "தேமல்தாம்மா. இதுக்கா இந்தப் பாடு?" என்றார். அதற்காக என் அத்தாவைப் பெரிய மனுஷர் என்று நினைத்துவிட வேண்டாம். கடை முன்பக்கம் வரக் கூடாது என்று அவளிடம் சொன்னதும் அவர்தான். "வியாபாரம் பண்ற எடம் ராபியா, நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க" என்று எனக்குச் சமாதானம் சொன்னார். என் அம்மா முனவ்வரா அவளுக்குத் தனி டம்ளர் வைத்தாள். நோய் இல்லை என்று தெரிந்தும் வைத்தாள். நான் சண்டை போட்டதும் டம்ளர் மாறியது. மாறிய டம்ளரில் அவளுக்குத்தான் குடிக்கக் கூச்சமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எஸ்டேட் திருப்பத்துக்குப் போவாள். மேட்டில் நின்று லைனைப் பார்ப்பாள். மகள் குடம் தூக்கிப் போவது தெரிந்தால் அன்றைக்கு நல்ல நாள். வளர்ந்திருக்கிறாள், சடை போட்டிருக்கிறாள் என்று திரும்பி வந்து சொல்வாள். மூன்று வருஷத்துக்கு மேல் இப்படிப் போயிற்று.

பிறகு ஒரு ஞாயிறு தபித்தாள் எங்கள் கொல்லைக் கதவருகே வந்து நின்றாள்.

"உன்ற புள்ளைக்கும் கன்னத்துல வெளுத்திருக்குது, வேலாமணி. தாய்க்கு இருந்ததுதான் வந்திருக்குதுன்னு லைன்ல ஒரே பேச்சு. நாளைக்குப் பெரட்டுல குத்திப் பாக்கறாங்களாம்."

மழைக்காலத்தில் அந்த லைனில் பாதிப் பிள்ளைகளின் கன்னம் அப்படித்தான் இருக்கும். மற்றப் பிள்ளைகளுக்கு வந்தால் தேமல். இவளுக்கு வந்தால் நோய்.

வேலாமணி எழுந்தே விட்டாள். "கத்தச் சொல்லு தபித்தா! வலிக்குதுன்னு வாயத் தொறந்து சொல்லோணும்னு சொல்லு! சும்மா நின்னா அனுப்பிருவாங்க!"

தபித்தாள் தயங்கினாள். "அசையாம நில்லுன்னு அவங்கப்பன் சொல்லி வெச்சிருக்கறான். நீ சொன்னேன்னு சொன்னா அந்தப் புள்ள கேக்குமா?"

அத்தா கந்தகத்தைப் பொடித்துத் தேங்காய் எண்ணெயில் குழைத்துச் சிமிழில் கொடுத்தார். இரவில் மெல்லத் தடவிக் காலையில் கழுவு, தேய்க்காதே, நன்றாகக் காய்ந்த துணியைப் போடு, ஈரக் கம்பளியைக் கன்னத்தில் ஒட்டவிடாதே, கண்ணில் படாமல் பார்த்துக்கொள். அவ்வளவுதான் வைத்தியம். இதற்குத்தான் ஒரு குடும்பம் போனது. அந்தச் சிமிழைத் தபித்தாள் வாங்கவில்லை. வேலாமணி கை பட்ட பொருளை லைனுக்குள் கொண்டுபோனால் தன்னையும் ஒதுக்கிவிடுவார்கள் என்றாள்.

திங்கள் விடிவதற்கு முன்பே வேலாமணி கிளம்பிவிட்டாள். நான் அங்கே இல்லை. அவளும் தபித்தாளும் பிறகு சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

பெரட்டுக்களத்தில் பழனாத்தாளை மட்டும் தனியாக நிறுத்தியிருந்தார்கள். பத்து வயதுப் பிள்ளை. அதே துரை, அதே பாலன். கன்னத்தில் குத்தினார். அவள் அசையவில்லை.

"வலிக்குதா?"

அவள் வாயைத் திறக்கவில்லை. லிங்கசாமி வரிசையில் நின்று, சபாஷ் என்பதுபோலத் தலையாட்டினான். முட்டாள். அவனுக்கு இந்த நாலு வருஷத்தில்கூட விளங்கவில்லை.

மேட்டிலிருந்து வேலாமணி கத்தினாள். "வலிச்சா சொல்லு கண்ணு! கத்து! யாருக்கும் பயப்படாதே!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். காவல்காரன் தடியோடு ஓடினான், ஆனால் அவளைத் தொடப் பயந்து கல்லெடுத்தான். ஒரு கல் அவள் நெற்றியில் பட்டது. அவள் நகரவில்லை.

பாலன் இரண்டாவது முறை ஊசியை வைத்தார். பிள்ளை மேட்டைப் பார்த்தது, அப்பனைப் பார்த்தது, துரையைப் பார்த்தது.

"பழனா, கத்துடி! கத்துடி என் சாமி!"

ஊசி இறங்கியது. "அய்யோ, வலிக்குது! வலிக்குதுங்க!" என்று அலறிக்கொண்டு பிள்ளை கன்னத்தைப் பொத்தியது. துரை சிரித்துவிட்டு எழுந்தார். நோய் இல்லை, பேர் போடு என்றார். அவருக்குக் காலைச் சாப்பாட்டுக்கு நேரமாகியிருந்தது.

கூட்டம் கலைந்தது. வேலாமணி சிமிழைக் கையில் வைத்துக்கொண்டு மேட்டிலேயே நின்றாள். மகள் மட்டும் தனியாக மேடேறி வந்தாள். இத்தனை வருஷத்தில் முதல் முறையாகத் தன்னை நோக்கி வருகிறாள். வேலாமணி சிமிழை நீட்டினாளாம். நாலைந்து அடி தள்ளிப் பிள்ளை நின்றுவிட்டது. கன்னத்தில் ரத்தம் காயாமல் இருந்தது.

"ஏனுங்க" என்றது, தெரியாத ஆளைக் கூப்பிடுகிற மாதிரி. "இனி இங்க வராதீங்க. உங்களாலதான் என்னையக் குத்துனாங்க."

சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டது.

மத்தியானம் திரும்பி வந்த வேலாமணியின் நெற்றிக்கு நான்தான் மஞ்சள் வைத்தேன். நடந்ததைச் சொல்லி முடித்தாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நன்றி கெட்ட பிள்ளை, நீ கத்தாமல் இருந்திருந்தால் இன்றைக்கு அது எங்கே போயிருக்கும் என்று திட்டினேன்.

"அப்படிச் சொல்லாதீங்க அம்மிணி" என்றாள். "அது சொன்னது நெசந்தானுங்களே. நான் அம்மாளா இல்லாட்டி அதை யாரு குத்தியிருப்பாங்க?"

அடுத்த ஞாயிறு அவள் எஸ்டேட் பக்கம் போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் கொல்லையில் உட்கார்ந்து கடுக்காய் உடைத்தாள்.